'கோஸ்ட்' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? யாங்கோனில் ஒரு சைபர்பங்க் அனிமே மாலை

மொகல்தெருக்காரன்:

வணக்கம். யாங்கோனில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் ஒரு மாலை முழுக்க சைபர்பங்க் அனிமே (கணினி வலையும் இயந்திர உடலும் மனிதரோடு கலந்துவிட்ட நகரங்களைக் காட்டும் ஜப்பானிய அசைபடம்) போடலாம் என்று பேச்சு நடக்கிறது. நாற்பது பேர்வரை வருவார்கள். பெரும்பாலும் 13 முதல் 22 வயதுப் பிள்ளைகள், பின்வரிசையில் பெரியவர்கள் சிலர். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சில் சரளம், வாசிப்பில் தடுமாற்றம். கைப்பழக்கம் பர்மிய எழுத்துதான். நினைத்து வைத்திருக்கும் படம் 1995இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்'. தமிழ் சப்டைட்டில் நாமே எழுத வேண்டும்.

"எப்போது பார்த்தாலும் இருட்டு, மழை, கம்பி. இதில் என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கு மழுப்பாமல் ஒரு பதில் வேண்டும். அடுத்தது, 'கோஸ்ட்' என்ற சொல். இயந்திர உடலுக்குள் மிஞ்சியிருக்கும் 'நான்' என்பதற்கு அந்தப் படம் வைத்த பேர். 'ஆவி' என்று போட்டால் மண்டபமே சிரிக்கும். மூன்றாவது, எழுத்து அளவு, ஒரு வரி திரையில் நிற்க வேண்டிய நேரம், இதற்கெல்லாம் ஏதாவது கணக்கு இருக்கிறதா? கடைசியாக மின்சாரம். பாதிப் படத்தில் மீ (பர்மியில் மின்சாரம்) போய்விட்டால் என்ன செய்வது?

மறு_பதிவு:

முதலில் படத்தை மாற்றுங்கள் தம்பி. 'கோஸ்ட் இன் த ஷெல்' தொடக்கத்திலேயே நாயகியின் இயந்திர உடலைத் தயாரிக்கும் காட்சி வருகிறது, ஆடையில்லாமல். ஆபாசமாக எடுத்ததல்ல, தொழிற்சாலையில் ஒரு பண்டம் உருவாவதைப்போல எடுத்தது. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அதன் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடியாது. வெட்டிவிட்டுப் போடலாமே என்று தோன்றும். வெட்டினால் படத்தின் கேள்வியே போய்விடும். இந்த உடல் ஒரு கூடு, அரசாங்கத்துச் சொத்து என்பதைப் பார்ப்பவர் மனத்தில் ஊன்றும் இடமே அதுதான். பதினெட்டு தாண்டியவர்களுக்கு இன்னொரு நாள் தனியாகப் போடுங்கள்.

'ஆக்கிரா'வும் இந்தக் கூட்டத்துக்கு ஆகாது, இரத்தம் அதிகம். 'எட்ஜ்ரன்னர்ஸ்' 2022இல் பத்துப் பகுதியாக வந்தது. பெரிய பிள்ளைகள் எப்படியும் பார்த்திருப்பார்கள், பெற்றோரோடு பார்க்க மாட்டார்கள்.

என் தேர்வு 2007இல் வந்த 'டென்னோ காயில்'. மொத்தம் 26 பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம், இயக்கம் மிட்சுவோ இசோ. கதை நடக்கும் ஆண்டு 2026. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கண்ணாடி போட்டிருக்கிறார்கள். போட்டால் தெருவின்மேல் இன்னொரு தெரு தெரியும். தரவாலான நாய்க்குட்டி கூடவே ஓடிவரும். அதன் உடம்பு பழுதாகும், அழிந்தும் போகும். பிழையான தரவை அழிக்கச் 'சாச்சி' என்றொரு இயந்திரம் தெருத்தெருவாகச் சுற்றும், ஆனால் கோயிலுக்குள் வராது. பக்தியால் அல்ல, கோயில் வேறொரு துறையின் அதிகாரத்தில் இருப்பதால். பிள்ளைகள் அங்கேதான் ஓடி ஒளிகிறார்கள். பின்வரிசைப் பெரியவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் செல்லும் என்று அறியாதவரா அவர்கள்!

முதல் இரண்டு பகுதியைப் போட்டால் ஐம்பது நிமிடம். மீதி நேரம் பேச்சு.

பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். "எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கை" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், யாருக்கும் ஒட்டாது. சைபர்பங்க் நகரத்தில் பழசு போகாது, அதுதான் ஈர்ப்பு. புதிதாக வந்தது பழசின் மேலேயே ஏறி உட்காரும். 'கோஸ்ட் இன் த ஷெல்' நடுவில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு வசனமும் இல்லாமல் நகரம் மட்டும் வரும். இயக்குநர் மமொரு ஒஷி அந்த நகரத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஹாங்காங்கை. சீன எழுத்துப் பலகைகள், கால்வாய், மழை, பாதி இடிந்த சுவர், தலைக்கு மேல் விமானம். நாயகியின் முகத்தையே உடைய இன்னொரு பெண் மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். யார் என்று படம் சொல்வதே இல்லை. கென்ஜி கவாயின் இசையில் ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகிகள் பழைய மொழியில் பாடுவது கல்யாணப் பாட்டு. எதிர்கால நகரத்துக்குப் போட்டிருக்கும் பாட்டைப் பாருங்கள்!

யாங்கோன் நகர்ப்புறத்தில் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறாம் மாடியிலிருந்து கிளிப் கட்டிய கயிறு தெருவரை தொங்கும், கடிதமும் செய்தித்தாளும் அதில் மாட்டித்தான் மேலே போகும். அதே சுவரில் கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி ஃபைபர் கேபிள். வெள்ளைக்காரன் காலத்துப் பால்கனியில் டிஷ், டிஷ்ஷில் காயும் லுங்கி. 2014க்கு முன் சிம் கார்டு வாங்க லட்சக்கணக்கில் கியாட் வேண்டும். அந்த ஆண்டு அதே சிம் 1500 கியாட்டுக்கு இறங்கியது. தரைவழித் தொலைபேசிகூட இல்லாத வீட்டுக்குள் நேராகக் கைப்பேசி வந்தது. மண்டபத்தில் இதைச் சொல்லிவிட்டுத் திரையைப் போடுங்கள், வேறு முன்னுரை வேண்டாம்.

அந்த இருட்டு வெளிச்சம் எப்படி வந்தது என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். 80களிலும் 90களிலும் நியான் விளக்கை வண்ணத்தால் மட்டும் காட்டவில்லை, உண்மையான வெளிச்சத்தையே படச்சுருளில் ஏற்றினார்கள். முதலில் வரைந்த செல் தாளை (ஒளி ஊடுருவும் தாள்) மேலிருந்து விளக்கடித்து ஒரு தடவை படம் எடுப்பார்கள். பிறகு சுருளைப் பின்னால் ஓட்டி, அதே ஃப்ரேமுக்குக் கொண்டுவந்து, முழுக்கக் கறுப்பாக்கிய தாளில் விளக்கு எரிய வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, வண்ண ஃபில்டர் வைத்து, கீழிருந்து விளக்கைப் போட்டு இரண்டாம் தடவை எடுப்பார்கள். லென்ஸ் முன்னால் மங்கல் ஃபில்டர் வைத்தால் ஓரம் கசியும். அந்தக் கசிவுதான் நாம் 'நியான்' என்று உணர்வது. கறுப்புத் தாள் மயிரிழை நகர்ந்தாலும் விளக்கு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம் ஆகிவிடும். கறுப்பு மையில் ஊசித்துளை இருந்தால் திரையில் தேவையில்லாத நட்சத்திரம் மின்னும். இதை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் செய்ய வேண்டும். 1988இல் வந்த 'ஆக்கிரா'வில் சுமார் 1,60,000 செல் தாள், 327 வண்ணம், அவற்றில் 50 அந்தப் படத்துக்கென்றே கலக்கியவை. இரவென்றால் நீலம் பூசிவிட்டுப் போகும் வழக்கம் அதில் இல்லை. சிவப்பிலும் பச்சையிலும் இரவைக் காட்டியிருப்பார்கள், மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு கோடாக நீளும்.

கூடுபாய்வோன்:

படத் தேர்வு பற்றி மறு_பதிவு அண்ணன் சொன்னதே சரி. பெரிய பிள்ளைகளின் திரையிடலுக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானிய மூலத்திலேயே அது ஜப்பானியச் சொல் இல்லை. 'கோஸுதோ' என்று அந்நியச் சொற்களுக்கான எழுத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியருக்கே அது கொஞ்சம் புரியாத, இயந்திர வாடை வீசும் சொல். அந்த அந்நியத்தன்மை தமிழிலும் இருக்க வேண்டும்.

'ஆவி' போட்டால் பேய்ப்படம், இல்லாவிட்டால் இட்லிப்பானை. 'ஆன்மா' போட்டால் கதாகாலட்சேபம், நாயகி போலீஸ் அதிகாரி என்பதே மறந்துபோகும். 'உயிர்' நல்ல சொல், ஆனால் உயிருள்ள எல்லாவற்றுக்கும் உண்டு. மூளையின் பெரும்பகுதி இயந்திரமான பிறகும் "நான் நான்தான்" என்று சொல்ல வைப்பது எதுவோ அதற்கு மட்டுமான சொல் அல்ல. 'உள்ளம்' சினிமாப் பாட்டு.

ஆகவே 'கோஸ்ட்' என்றே விடுங்கள், 'ஷெல்'லை மட்டும் தமிழாக்குங்கள்: கூடு. இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் காத்துக்கொண்டிருந்ததுபோல இருக்கிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றால் பின்வரிசைக்கு உடனே விளங்கும். மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவதைப் பார்த்துச் சித்தர் அந்த உடலில் புகுந்து திருமூலர் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்துங்கள். புகுந்த சித்தர் சித்தராகவே இருந்தார், கூடுதான் மாறியது. இந்தப் படத்தின் முடிவில் இரண்டு கோஸ்ட் கலக்கின்றன, பழைய இரண்டுமே மிஞ்சுவதில்லை. இதைச் சொல்லாவிட்டால் "எங்கள் சித்தர்கள் அன்றே செய்தார்கள்" என்று ஒருவர் எழுந்து அரைமணி நேரம் பேசுவார்.

பிள்ளைகளுக்கு இன்னும் சுருக்குவழி ஒன்று உண்டு, அது பர்மியச் சொல்லான லெய்ப்யா. பட்டாம்பூச்சிக்கும் அதே பேர், திடுக்கிட்டால் உடலைவிட்டுப் பறந்துவிடும் என்று நம்பப்படும் உயிருக்கும் அதே பேர். முன்னுரையில் வாயால் சொல்லுங்கள், சப்டைட்டிலில் போட வேண்டாம். 'நாட்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கும்பிடுகிற தெய்வம், கதை வேறெங்கோ போய்விடும்.

மற்றச் சொற்களில் 'ஹேக்' என்பதை 'ஊடுருவல்' ஆக்காதீர்கள், செய்தி வாசிப்பதுபோல இருக்கும். "அவன் கோஸ்ட்டுக்குள்ளேயே கைவைத்துவிட்டார்கள்" என்றால் குப்பை வண்டிக்காரனின் காட்சி நெஞ்சில் தைக்கும். மனைவி, மகள் என்று அவன் நினைப்பது முழுக்க யாரோ திணித்த நினைவு, காட்டப்படும் புகைப்படத்தில் அந்த மகள் இல்லவே இல்லை. அந்த இடத்தில் தமிழ் நீளக் கூடாது. "எனக்கு மகளே இல்லையா?" போதும். 'நெட்'டை 'வலை' என்று போட்டால் ஐராவதி மீன்வலை நினைவுக்கு வரும். 'நெட்' என்றே இருக்கட்டும்.

கொம்புக்கால்:

சப்டைட்டில் கணக்கு. நடைமுறையில் நிற்கிற எண்களாகத் தருகிறேன்.

மெதுவாக வாசிப்பவருக்கு வினாடிக்கு 10 எழுத்து. எழுத்து என்றால் நாம் எண்ணும் எழுத்து. 'கோஸ்ட்' மூன்று எழுத்துதான், கணினிக்குள் அது ஆறு குறியீடு. சில மென்பொருள்கள் புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணி "வேகம் அதிகம்" என்று சிவப்புக் காட்டும். பயந்துபோய் வசனத்தை வெட்டாதீர்கள், கையால் எண்ணிப் பாருங்கள். ஒரு வரிக்கு 24 எழுத்துக்கு மேல் வேண்டாம், அதிகபட்சம் இரண்டு வரி. இரண்டும் நிறைந்தால் ஐந்து வினாடி நிற்க வேண்டும். எவ்வளவு சின்ன வசனமானாலும் ஒரு வினாடிக்குக் குறையக் கூடாது, ஏழுக்கு மேல் நின்றால் திரும்ப வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்தடுத்த வசனங்களுக்கு நடுவே இரண்டு ஃப்ரேம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வசனம் மாறியதே கண்ணில் படாது.

இந்த அளவுக்குள் அடங்க, பேச்சில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட நேரும். 'கோஸ்ட் இன் த ஷெல்'லில் கடலில் மூழ்கி எழுந்த பிறகு படகில் நாயகி பேசும் இடம்தான் கழுத்தை அறுக்கும். அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்க்காமல் ஒரு கருத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல் இந்த வகைப் படங்களுக்கே உரியது. பாத்திரங்கள் வாயைத் திறக்காமல் மூளையிலிருந்து மூளைக்குப் பேசிக்கொள்வார்கள். யார் பேசுகிறார் என்று தெரியாது. ஆங்கிலத்தில் சாய்வெழுத்துப் போடுவார்கள், தமிழைச் சாய்த்தால் கண்றாவி. அதற்குப் பதில் வெளிர் நீலம். வாய்ப்பேச்சு வெள்ளை, மூளைப்பேச்சு நீலம். இரண்டே நிறம், மூன்றாவது வேண்டாம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், அல்லது முக்தா மலர். 1080 உயரப் படத்துக்கு 56 முதல் 60 அளவு, ஓரக்கோடு 3, கறுப்பு. தடித்த எழுத்து வேண்டுமானால் அந்தக் குடும்பத்திலுள்ள தடித்த எழுத்துருவையே நிறுவுங்கள். மென்பொருளின் 'பி' பொத்தானால் தடிப்பாக்கினால் ண, ணை எழுத்தின் சுழியெல்லாம் அடைபட்டுக் கறுப்புப் புள்ளியாகும். வரி இடைவெளியையும் கூட்டுங்கள். மேல்வரியின் 'கூ' வாலும் கீழ்வரியின் 'கீ' கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிக்கோடு வடிவில் சேமியுங்கள். பழைய பர்மிய எழுத்துருவான ஸாவ்ஜியும் யூனிக்கோடும் மோதியதில் பர்மாவில் எல்லோருக்கும் பாடம் உண்டு, 2019 அக்டோபர் 1இல்தான் நாடு முறையாக யூனிக்கோடுக்கு மாறியது. தமிழில் அந்த வேலையைச் செய்வது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். யாராவது பாமினியில் தட்டித் தந்தால் திரையில் ரோமன் எழுத்துக் குப்பையாக வரும். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிக்கோடாக எடுங்கள்.

டிவியின் யூஎஸ்பி துளையில் தனிச் சப்டைட்டில் கோப்பை நம்பாதீர்கள். பல டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கெ' என்பது 'க'வுக்குப் பிறகு கொம்பாக வரும், நடுவில் புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பொறித்துவிடுங்கள். ஈஜிசப் மென்பொருளில் எழுதி, ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் மென்பொருள்களில் ஒன்றில் பொறிக்கலாம். அதில் படத்தின் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்ணை 18 வையுங்கள் (எண் குறைந்தால் தரம் கூடும்), ட்யூன் 'அனிமேஷன்'. 23, 24 என்று விட்டால் கோப்பு சின்னதாகும்தான், ஆனால் இருட்டு வானம் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். சைபர்பங்க் படத்தில் பாதி இருட்டு வானமே.

வசனம் முன்பின்னாக வந்தால் இரண்டு வகை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு பிந்தினால், எல்லா நேரத்தையும் மொத்தமாக நகர்த்தினால் தீரும். போகப்போகப் பிந்தினால் ஃப்ரேம் வேகம் வேறு. வினாடிக்கு 23.976 ஃப்ரேம் படத்துக்கு எழுதியதை 25 ஃப்ரேம் வேகப் படத்தோடு சேர்த்தால் பத்தாம் நிமிடத்திலேயே சுமார் 25 வினாடி தள்ளிப்போகும். அதை நகர்த்தித் தீர்க்க முடியாது, வேகத்தையே மாற்ற வேண்டும்.

பேட்டரிவாத்தியார்:

மின்சாரம். விளக்கு வைத்த ப்ரொஜெக்டர் 280 வாட், மடிக்கணினி 60, ஸ்பீக்கர் 60. மொத்தம் 400. இரண்டு மணிக்கு 800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் 15 விழுக்காடு போகும், ஆக 940.

12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியின் கணக்கு 1200 வாட்-மணி, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். கையில் 600தான். எனவே இரண்டு பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஒன்று போதும், 1280இல் எண்பது விழுக்காடு எடுக்கலாம். எல்இடி ப்ரொஜெக்டர் 100 வாட்டுக்குள் இருந்தால் ஈய பேட்டரி ஒன்றிலேயே ஒப்பேறும். ஆனால் வெளிச்சம் குறைவு, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்ட வேண்டும். இருட்டுப் படத்துக்கு எப்படியும் கட்டத்தான் வேண்டும், பகலில் போட்டால் சாம்பல்தான் தெரியும்.

விளக்கு ப்ரொஜெக்டருக்குத் திடீரென்று மீ போவதுதான் விஷம். விசிறி நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும், விளக்கு வெடித்தாலும் வெடிக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே பேட்டரி வழியாக ஓட்டுங்கள், மீ இருந்தாலும். "மீ லாப்பி" (மின்சாரம் வந்துவிட்டது) என்று தெருவே கூவினாலும் நடுவில் மாற்றாதீர்கள். இன்வெர்ட்டர் 'ப்யூர் சைன்' வகையா என்று பாருங்கள். மலிவானதில் ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று இரையும்.

ஜெனரேட்டர் வேண்டாம். வசனமில்லாத அந்த மூன்று நிமிடத்தில் வெளியே ஜெனரேட்டர் உறுமினால் எல்லாம் போச்சு.

மொகல்தெருக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 'டென்னோ காயில்' இரண்டு பகுதி என்று முடிவு செய்துவிட்டோம். பதினெட்டு தாண்டியவர்களுக்கு 'கோஸ்ட் இன் த ஷெல்' வேறு நாள். ஒரு சந்தேகம்: குழுவில் ஒருவர், "மழையும் இல்லை, நியானும் இல்லை, பட்டப்பகலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள், இது எப்படி சைபர்பங்க்?" என்கிறார்.

மறு_பதிவு:

மழை என்பது உடை. அதைக் கழற்றிப் பாருங்கள். பொருள் ஒரு கம்பெனி செய்தது, பராமரிப்பது அரசு அலுவலகம், பிழையை விற்றுச் சில்லறை பார்ப்பது தெருப் பிள்ளைகள். பாட்டி வீட்டுக்குள்ளேயே கள்ளத் தரவுச் சரக்குக் கடை நடக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? 'எட்ஜ்ரன்னர்ஸ்' முதல் பகுதியில் பணம் கட்டாததால் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுவிடும். அங்கே ஒரு துளி நியான்கூடத் தேவைப்படவில்லை, அதுதான் முழுச் சைபர்பங்க். கைப்பேசியில் பில் (கட்டிய காசு) தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்த அனுபவம் உள்ள எந்தப் பிள்ளைக்கும் அது புரியும்.

அவர் இன்னும் ஒத்துக்கொள்ளாவிட்டால் 1989இல் வந்த முதல் 'பட்லேபர்' திரைப்படத்தைக் காட்டுங்கள், அதுவும் ஒஷி படம்தான். கட்டட வேலை இயந்திரங்களின் மென்பொருளில் ஒருவன் நஞ்சு வைத்திருப்பான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே காற்று எழுப்பும் தாழ்ந்த ஒலி பட்டதும் அவை வெறிபிடித்து ஓடும். துப்பறிவாளர் இருவர் இடிபடும் பழைய டோக்கியோ வழியாக வேர்க்க வேர்க்க நடந்துகொண்டே இருப்பார்கள். கொளுத்தும் வெயில், மழை பின்னால்தான் வரும்.

கொம்புக்கால்:

பொறிக்கும் முன் ஒரு வேலை. முழுப் பகுதியையும் ஏற்றிவிட்டுப் பார்க்காதீர்கள். இருட்டுக் காட்சி ஒன்றும் பகல் காட்சி ஒன்றும் சேர்ந்தாற்போல இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி, அதில் இந்த வரியைப் போடுங்கள்: "கொக்கு, கோழி, கௌளி, ஸ்ரீ, பக்ஷி, ஹூம், கண்ணூறு". மண்டபத்தில் உள்ள அதே கருவியில் ஓட்டி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து வாசியுங்கள். 'கௌ' இரண்டாக உடைந்தாலோ 'ஸ்ரீ' பிரிந்து தெரிந்தாலோ எழுத்துரு சரியாக ஏறவில்லை. 'ண்ணூ' அடைபட்டால் அளவை 4 கூட்டுங்கள்.